இணைப்பு விழுந்தால்: தானியங்கிச் சோதனைகளில் மறுமுயற்சி

இரவில் ஓடவிட்ட 200 சோதனைகளில் 14 காலையில் சிவப்பாக நிற்கின்றன. அப்படியே திரும்ப ஓட்டினால் எல்லாம் பச்சை. நெட் கொஞ்ச நேரம் போயிருக்கிறது, அவ்வளவுதான். "ஃபெயில் ஆனால் மூன்று தடவை ஓட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று தோன்றும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்த ஒரு வரி நெட் கோளாறோடு சேர்த்து உங்கள் மென்பொருளின் கோளாறையும் மூடிவிடும். சோதனையைத் தொடாமல் இணைப்பை மட்டும் மறுபடி முயலவைக்கும் வேலையை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ வந்ததிலிருந்து தென்காசிப் பக்கம் மென்பொருள் வேலை புதிதல்ல. கொரோனாவுக்குப் பின் சங்கரன்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்தே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு டெஸ்டிங் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைச் செயலி. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. விவசாயி கொண்டுவரும் மல்லிகை, பிச்சி, கேந்தியை எடை போட்டு, அன்றைய விலைக்குச் சிட்டை எழுதி, கமிஷன் கழித்துப் பணம் கொடுப்பதைச் செயலி பதிவுசெய்கிறது. சர்வர் மும்பையில். சோதனைகள் பைதானில், பைடெஸ்ட் வைத்து எழுதியவை.

## முதலில் வீட்டு லைன்

கோடில் கை வைக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள். லைன் சரியாக இல்லாதபோது எழுதும் மறுமுயற்சி, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

1. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ் வையுங்கள். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஃபைபர் பெட்டி அணைந்துவிடும். சோதனைகள் வரிசையாக விழுவது அந்த நேரத்தில்தான். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட், எல்லாமே அல்ல. 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி போய்விடலாம்.

2. துணை மின் நிலைய மாதாந்திரப் பராமரிப்பு நாளைக் குறித்துவையுங்கள். நாளிதழில் முந்தைய நாளே வந்துவிடும். அன்றைய பகலுக்கு நீண்ட ஓட்டம் எதையும் வைக்காதீர்கள்.

3. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் உங்கள் ஐபி முகவரியும் மாறும். கம்பெனியின் சோதனை சர்வர் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் உள்ளே விடுகிறது என்றால், ஹாட்ஸ்பாட்டில் ஆயிரம் தடவை முயன்றாலும் கதவு திறக்காது. இப்போது எந்த முகவரியிலிருந்து போகிறோம் என்பதைச் சோதனை தொடங்கும்போதே பதிவேட்டில் எழுதவையுங்கள். இந்த ஒரு வரி பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

4. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். ஊரில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அத்தனை பேரும் போனில் வீடியோ அனுப்புவார்கள்.

5. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் தொகுப்பை லேப்டாப்பில் ஓட்ட வேண்டாம். கம்பெனியின் பில்ட் சர்வரில் ஓடட்டும். உங்கள் லைன் அறுந்தால் முடிவைப் பார்ப்பதுதான் தாமதமாகும், ஓட்டம் நிற்காது.

## பிழையைப் படியுங்கள்

"நெட் பிழை" என்று ஒரே பெயரில் பல வேறு சங்கதிகள் வரும். எது எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாமல் மறுமுயற்சி எழுதக் கூடாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கோரிக்கை சர்வரை அடைந்திருக்குமா?

நிச்சயமாக அடையவில்லை. பெயர் தேடல் தற்காலிகமாகத் தோற்றது, இணைப்பு நேரம் கடந்தது. இவற்றில் சர்வர் உங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. தைரியமாக மறுபடி முயலலாம். அது சிட்டை போடும் கோரிக்கையாக இருந்தாலும் சரி.

அடைந்ததா என்று தெரியாது. பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு வெட்டப்பட்டது. 502, 504 பதில்களும் இந்த வகைதான்: நடுவில் இருக்கும் சர்வர் கையை விரிக்கிறது, பின்னால் இருப்பது வேலையை முடித்தும் இருக்கலாம். விலைப் பட்டியலைக் கேட்கும் கோரிக்கை என்றால் மறுபடி கேளுங்கள். பதிவுசெய்யும் கோரிக்கை என்றால் நில்லுங்கள். கீழே தனியாகச் சொல்கிறேன்.

சர்வரே பொறுக்கச் சொல்கிறது. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். 503 என்றால் சர்வர் இப்போதைக்கு முடியாது என்கிறது. இரண்டிலும் "ரீட்ரை ஆஃப்டர்" என்ற தலைப்பு வரி வந்தால் அதில் உள்ள நேரம்தான் சட்டம். உங்கள் கணக்கை ஓரம் வையுங்கள்.

முயலவே கூடாதவை. 400, 401, 403, 404, 422. இவை தெளிவான பதில்கள். பத்து முறை கேட்டாலும் அதேதான் வரும். 401-ஐ மறுபடி மறுபடி முயன்றால் சோதனைக் கணக்கு பூட்டப்படும் அபாயமும் உண்டு. 500 வந்தால் சோதனை விழட்டும். அது பெரும்பாலும் புரோகிராமரின் பிழை. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

சான்றிதழ் பிழையையும் இந்தக் கடைசி வகையில் சேருங்கள். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மெஷினில் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

> எச்சரிக்கை: சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்து "தீர்வு" காணாதீர்கள். சோதனைக் கோடில் அணைத்தது ஒருநாள் காப்பி ஆகி நேரடிக் கோடுக்குள் போய்விடும்.

"இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பிழை சோதனைகளில் வருவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: சர்வர் இன்னும் எழும்பவில்லை, சோதனை முந்திக்கொண்டது. இதற்கு மருந்து மறுமுயற்சி அல்ல. சர்வர் தயாரா என்று ஒரு முறை காத்திருந்து பார்த்துவிட்டு, பிறகு சோதனைகளைத் தொடங்குவது. அதைக் கீழே 5-ஆம் படியில் செய்கிறோம்.

## படிப்படியாக

1. எல்லாக் கோரிக்கையும் ஒரே வாசல் வழியாகப் போகட்டும். ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஒரு செஷனை உருவாக்கி, பைடெஸ்ட் ஃபிக்ஸ்சராக எல்லாச் சோதனைக்கும் கொடுங்கள். ஆங்காங்கே நேரடியாக அழைக்கும் வரிகளைத் தேடிப்பிடித்து மாற்றுங்கள். அலுப்பான வேலைதான், இதைத் தவிர்த்தால் மற்ற படிகள் பாதிச் சோதனைகளுக்கே பொருந்தும்.

2. நேர வரம்பு வையுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் தானாக எந்த வரம்பும் வைக்காது. நீங்கள் சொல்லாவிட்டால் பதில் வரும்வரை உட்கார்ந்தே இருக்கும். இணைப்புக்கு 5 நொடி, பதிலுக்கு 20 நொடி என்று தொடங்குங்கள். 5 நொடி ஏன் என்றால், இணைப்புக் கேட்கும் பாக்கெட் தொலைந்தால் லினக்ஸ் கெர்னலே 1 நொடியில் மறுபடி அனுப்பத் தொடங்கும். 5 நொடிக்குள் குறைந்தது 3 முறை அனுப்பியிருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மறுமுயற்சி அங்கே ஏற்கெனவே நடக்கிறது.

3. செஷனில் மறுமுயற்சியைப் பூட்டுங்கள். ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3-இல் "ரீட்ரை" என்ற வகுப்பு இருக்கிறது. அதை அடாப்டரில் வைத்துச் செஷனில் மாட்டுங்கள். மொத்தம் 3. கட்டாய நிலைப் பட்டியலில் 429, 502, 503, 504 மட்டும். பேக்காஃப் எண் 1. அப்படி வைத்தால் முதல் மறுமுயற்சி உடனே நடக்கும், அடுத்தவற்றுக்கு முன் 2 நொடி, 4 நொடி காத்திருக்கும். 2-ஆம் பதிப்பு முதல் இந்த இடைவெளியில் தற்செயல் நொடிகளைக் கலக்கும் ஜிட்டர் வசதியும் உண்டு. 1 என்று வையுங்கள். அனுமதிக்கும் மெத்தட்களின் பட்டியலைத் தொடாதீர்கள். இயல்பான பட்டியலில் போஸ்ட் இல்லை. அதே சமயம், கோரிக்கை கிளம்பும் முன்பே இணைப்பு தோற்றால் போஸ்ட்டையும் அது மறுபடி முயலும். மேலே நாம் பிரித்த அதே எல்லைதான்.

4. ஒவ்வொரு மறுமுயற்சியையும் எழுதிவையுங்கள். நேரம், சோதனையின் பெயர், பிழையின் பெயர், எத்தனையாவது முயற்சி. இது இல்லாத மறுமுயற்சி திரை போட்ட மறுமுயற்சி. முகவரியின் பின்பகுதியில் டோக்கன் இருந்தால் அதை வெட்டிவிட்டு எழுதுங்கள். பதிவேட்டைப் பலர் பார்ப்பார்கள்.

5. நுழைவுச் சோதனை வையுங்கள். தொகுப்பு தொடங்கும் முன் சர்வரின் நலம் சொல்லும் முகவரியை 2 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் முழு ஓட்டத்தையும் "சர்வர் கிடைக்கவில்லை" என்ற ஒரே செய்தியுடன் நிறுத்துங்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். சர்வருக்கு ஒரே முகவரி, அது செத்துக் கிடக்கிறது என்று கொள்வோம். ஒரு கோரிக்கைக்கு 5 நொடி வீதம் 4 முயற்சி, நடுவில், ஜிட்டரை விட்டால், 6 நொடிக் காத்திருப்பு: 26 நொடி. 200 சோதனைக்கு 5,200 நொடி. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஓடி, கடைசியில் 200 சிவப்பு.

6. நடுவில் போனால் நிறுத்த ஓர் எண்ணி. தொடர்ந்து 5 சோதனைகள் இணைப்புப் பிழையால் விழுந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். பைடெஸ்டில் இத்தனை ஃபெயிலுக்குப் பின் நிறுத்து என்ற வசதி இருக்கிறது. ஆனால் அது எல்லா ஃபெயிலையும் எண்ணும். இணைப்புப் பிழையை மட்டும் எண்ண ஒரு சின்ன ஹுக் நீங்களே எழுத வேண்டியிருக்கும்.

> குறிப்பு: நேர வரம்பு எண்களை ஊர்ப் பேச்சைக் கேட்டு வைக்காதீர்கள், இந்த நூலைக் கேட்டும் வைக்காதீர்கள். நல்ல நாளில் உங்கள் லைனில் ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பதிவேட்டில் பார்த்து, மிக மெதுவானதைவிடச் சில மடங்கு கூட்டி வையுங்கள்.

## இரண்டு முறை ஏறிய மல்லிகை

இப்போது போஸ்ட். சோதனை, "மல்லிகை 12 கிலோ" என்று ஒரு சிட்டை போடுகிறது. சர்வர் எழுதிவிட்டது. பதில் வரும் வழியில் லைன் அறுந்தது. உங்கள் கோடுக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டும். மறுபடி அனுப்பினால் 24 கிலோ. சோதனை கடைசியில் மொத்த எடையைச் சரிபார்த்தால் விழும். சரிபார்க்காவிட்டால் பச்சையாகிவிடும், அடுத்த சோதனையின் கணக்குக் கோணும்.

இது சோதனைக்கு மட்டுமான சிக்கல் இல்லை. மார்க்கெட்டில் விடியற்காலை அவசரத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரர் சேமி பொத்தானை இன்னொரு தடவை அமுக்கத்தான் செய்வார். உங்கள் செயலி அதைத் தாங்குமா என்பதே முதலில் சோதிக்க வேண்டியது.

சர்வர் பக்கம் பேச முடிந்தால்:

1. ஒவ்வொரு சிட்டைக்கும் ஒரு தனி அடையாளச் சாவியை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புங்கள். கட்டணச் சேவைகளில் ஐடெம்பொடென்சி கீ என்பது இதுதான். ஸ்ட்ரைப் போன்றவை பல காலமாக வைத்திருக்கின்றன.
2. அதே சாவி இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பித்தர வேண்டும்.
3. சாவியை மறுமுயற்சிச் சுழலுக்கு வெளியே உருவாக்குங்கள். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். சுழலுக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி. சாவி இல்லாததற்குச் சமம்.
4. ஒரே சாவியோடு இரண்டு முறை அனுப்பி, சிட்டை ஒன்றுதான் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றைத் தனியாக எழுதுங்கள்.

சர்வரை மாற்ற வழியில்லையென்றால், பதில் வராத போஸ்ட்டுக்குப் பின் சிட்டை எண்ணை வைத்து "இது இருக்கிறதா" என்று கெட் மூலம் கேளுங்கள். இருந்தால் மேலே போங்கள். இல்லையென்றாலும் உடனே அனுப்பாதீர்கள். முதல் கோரிக்கை இன்னும் வரிசையில் நிற்கலாம். சில நொடி பொறுத்து இன்னொரு முறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

> எச்சரிக்கை: பணம் அனுப்புவது, ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்புவது இரண்டையும் நிஜ சேவையை வைத்துச் சோதிக்க வேண்டாம். சேவை தரும் சோதனைத் தளத்தையோ, போலி சர்வரையோ பயன்படுத்துங்கள். மறுமுயற்சி ஒவ்வொன்றும் ஒரு எஸ்எம்எஸ். யாருடைய போனுக்கோ போகும், யாருடைய பில்லிலோ ஏறும்.

## எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினால்

2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ பல மணி நேரம் திணறியது. பரிவர்த்தனையின் நிலை என்ன என்று கேட்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகள், பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, திரும்பத் திரும்ப அனுப்பி வெள்ளமாக்கியதுதான் காரணம் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ பிறகு சொன்னது. ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 3 முறைதான் நிலை கேட்கலாம் என்று வரம்பும் கொண்டுவந்தது. பதில் தாமதமானதும் கூடுதலாகக் கேட்பது, அதனால் பதில் இன்னும் தாமதமாவது: மறுமுயற்சி கட்டு மீறினால் நடப்பது இதுதான். உங்கள் சோதனை சர்வர் யூபிஐ அளவுக்குப் பெரிதல்ல, ஆகவே இன்னும் சீக்கிரம் படுத்துவிடும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, அடுக்குகள். உங்கள் சோதனை 4 முறை முயல்கிறது. அது அழைக்கும் சேவை, தன் அடுத்த சேவையை 4 முறை முயல்கிறது. அந்தச் சேவை டேட்டாபேஸை 4 முறை. கடைசி இடத்தில் போய் விழுவது 64 அடி. புரோகிராமர்களிடம் கேட்டு, எந்த அடுக்கில் மறுமுயற்சி ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள்.

இரண்டாவது, இணையாக ஓடும் சோதனைகள். 8 சோதனைகள் ஒரே நொடியில் விழுந்தால் 8-ம் ஒரே நொடியில் மறுபடி தட்டும். ஜிட்டர் இல்லாவிட்டால் 2 நொடி கழித்தும் சேர்ந்தே தட்டும். காத்திருப்பில் தற்செயலைக் கலப்பது பழைய உத்தி. ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971-இல் தொடங்கிய அலோகாநெட் ரேடியோ வலையிலேயே இது இருந்தது. 1976-இல் மெட்கால்ஃபும் பாக்ஸும் ஈதர்நெட்டை விளக்கி எழுதிய கட்டுரையில், மோதலுக்கு ஏற்பக் காத்திருப்பை நீட்டும் முறையும் வந்துவிட்டது.

## முழுச் சோதனையையும் மறுபடி ஓட்டலாமா?

கடைசிக் கையிருப்பாக மட்டும். கூகுள் 2016-இல் தன் சோதனைகளைப் பற்றிச் சொன்ன கணக்கு இது: எல்லா ஓட்டங்களிலும் சுமார் 1.5 சதவீதம் நிலையற்ற முடிவு தருகிறது. சோதனைகளில் சுமார் 16 சதவீதத்தில் ஏதோ ஓரளவு நிலையின்மை இருக்கிறது. அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கும் இருக்கும். ஆனால் நிலையின்மைக்கு நெட் மட்டும் காரணமில்லை. இரண்டு சோதனைகள் ஒரே சிட்டை எண்ணுக்கு அடித்துக்கொள்வதும் இப்படித்தான் வெளியே தெரியும், அது நெட்டை எவ்வளவு சரிசெய்தாலும் போகாது.

பைடெஸ்டுக்கான ரீரன்ஃபெயிலியர்ஸ் பிளகினில், குறிப்பிட்ட பிழை வந்தால் மட்டும் ஓட்டு என்ற அமைப்பு உண்டு. இணைப்புப் பிழையின் பெயரை அதில் கொடுங்கள்; மறு ஓட்டம் 1 போதும். சரிபார்ப்பு தோற்றதை ஒருபோதும் மறுபடி ஓட்டவிடாதீர்கள். சோதனை தனக்கென உருவாக்கிய சிட்டைகளைத் தானே துடைத்துவிட்டுப் போகிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தின் மிச்சத்தில் தடுக்கி விழும். பிளேரைட் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வசதி: மறு ஓட்டத்தில் தேறிய சோதனையை அது பச்சையோடு கலக்காமல், "ஃபிளேக்கி" என்று தனியாகக் காட்டும். அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். அதே பெயர் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் அது நெட் அல்ல. பக் என்று பதிவுசெய்யுங்கள்.

## நீங்களே லைனை வெட்டிப் பாருங்கள்

எழுதிய மறுமுயற்சி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அடுத்த மின்தடைக்குக் காத்திருக்க வேண்டாம்.

1. உங்கள் கணினியிலேயே ஒரு போலி சர்வர் எழுதுங்கள். முதல் இரண்டு முறை 503, மூன்றாம் முறை 200. சோதனை தேற வேண்டும். பதிவேட்டில் இரண்டு மறுமுயற்சி வரிகள் இருக்க வேண்டும்.
2. அதே சர்வரை எப்போதும் 503 தர வையுங்கள். இப்போது சோதனை விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ பிழை விழுங்கப்படுகிறது.
3. 404 தர வையுங்கள். ஒரே முயற்சியில் விழ வேண்டும்.
4. சிட்டையை எழுதிவிட்டு, பதில் சொல்லாமல் இணைப்பை மூட வையுங்கள். சிட்டை ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள்.
5. இவை தேறியபின் ஷாப்பிஃபை வெளியிட்ட டாக்ஸிபிராக்ஸியை நடுவில் வைத்துத் தாமதம், நடுவில் வெட்டு ஆகியவற்றைச் செய்து பாருங்கள். அது தன் வழியாகப் போகும் இணைப்பை மட்டும் கெடுப்பதால் பாதுகாப்பானது.
6. லினக்ஸின் நெட்எம் மூலம் பாக்கெட் இழப்பையும் உண்டாக்கலாம். இது அந்த நெட்வொர்க் கார்டு முழுவதையும் பாதிக்கும். தொலைவில் இருக்கும் சர்வரில் செய்தால் நீங்கள் உள்ளே போன எஸ்எஸ்எச் இணைப்பே அறுந்து, திரும்ப நுழைய முடியாமல் போகலாம். ஆகவே உங்கள் சொந்த மெஷினில் மட்டும் செய்யுங்கள். விதியைப் போடும் முன்பே, 10 நிமிடத்தில் அதை நீக்கும் கட்டளையை டைமரில் ஓடவிடுங்கள். முடிந்ததும் விதிகளின் பட்டியலைக் கேட்டு நெட்எம் பெயர் அதில் இல்லை என்று உறுதிசெய்த பிறகு மற்ற சோதனைகளை ஓட்டுங்கள்.